இரண்டு பத்துக்கு வருபவன்

வீடு பார்க்க வந்த அன்று
முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றி இல்லை.
"ஏரியா எப்படி, திருட்டு பயம் உண்டா?"
தரகர் கலியவரதன் வண்டிக்கு ஸ்டாண்ட் போடாமலே சிரித்தார்.
"செம்மண்டலம் சார் இது.
ரெண்டு தெரு தள்ளி போலீஸ்காரங்க குடியிருக்காங்க.
கதவைத் திறந்து போட்டே தூங்கலாம்."
சொன்னவர் கையில் அந்த ஒரு வீட்டுக்கு
மூன்று பூட்டு, மூன்று சாவி.

மளிகைக் கடையில் வேறு கதை.
போன ஆடியில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீட்டில் எட்டு பவுன்,
பின்பக்க கிரில்லை அறுத்து.
இஸ்திரி போடும் பெண் பன்னிரண்டு பவுன் என்றாள்.
பால்காரர் கணக்கில் பவுனே இல்லை,
ஒரு டிவி, ஒரு வெண்கலக் குத்துவிளக்கு.
ஸ்டேஷனில் விசாரித்த மச்சான்
"இந்த வருஷம் குறைஞ்சிருக்காம்" என்றான்.
எதைவிட?
"அது சொல்லல."

குடி வந்தேன்.
சிப்காட்டில் பெயிண்டுக்கு நிறமி அரைக்கும் கம்பெனி,
மாலை ஐந்திலிருந்து ஒரு மணி வரை.
எவ்வளவு தேய்த்தாலும் பத்து நகத்திலும் நீலம்.
கெடிலம் பாலம் தாண்டித் தெருமுனை திரும்பும்போது
இரண்டு பத்து.
முதல் வாரம் நாய்கள் குரைத்தன.
அடுத்த வாரம் நாய்கள் விட்டுவிட்டன,
ஜன்னல்கள் பிடித்துக்கொண்டன.

சங்கச் செயலாளர் தெய்வசிகாமணி
ஆதார் நகல் கேட்டார், கொடுத்தேன்.
சொந்த ஊர் கேட்டார், சொன்னேன்.
ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்.
அதையும் சொன்னதும்
"சரி சரி" என்றார்,
இரண்டு தரம்.

பொங்கல் கழிந்து கேமரா வந்தது.
வீட்டுக்கு எண்ணூறு ரூபாய், நானும்தான் கொடுத்தேன்.
கம்பத்தில் ஏறியவன் திருகிப் பொருத்தும்போது
கீழே நின்று எல்லோரும்
"கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் இடது" என்றார்கள்.
இடது பக்கம் இருந்தது என் வாசல்.

மாசியில் ஒரு நாள்
பதினோராம் நம்பர் வீட்டில் தண்ணி மோட்டாரைக் காணோம்.
காலை ஒன்பதுக்குத் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி
எஸ்.ஐ. கேட்டது ஒரே கேள்வி.
ரேகை வைத்த நேரத்தைப் போனில் காட்டினேன்.
அதைவிட என் நகங்களைத்தான் அதிகம் பார்த்தார்.
"வேலை செய்யற கை" என்று எழுந்துகொண்டார்.
பதினோராம் நம்பர் புகாரையும் எழுதவில்லை.
"மோட்டார்தானே, சொல்லி வைக்கிறேன்."
அந்த வருஷமும் குறைந்திருக்கும்.

அன்று சாயங்காலம் ஒரு சீப்பு பழத்தோடு தெய்வசிகாமணி.
"தப்பா நினைக்காதீங்க.
எப்படியும் அந்த நேரத்துல வர்றீங்க.
தெருவை ஒரு பார்வை பாத்துட்டுப் படுத்தீங்கன்னா
எங்களுக்கும் நிம்மதி."
சந்தேகத்துக்கும் காவலுக்கும் ஒரே ஆள் போதும்போல.
இரண்டுக்கும் சம்பளம் பேசவில்லை.

இப்போதெல்லாம் முனையிலேயே வண்டியை அணைத்து
தள்ளிக்கொண்டு வருகிறேன்.
தென்காற்று அடித்தால் கம்பெனி நாற்றம்
எனக்கு முன்னால் வந்து தெருவில் படுத்திருக்கும்.
யாரோ ஏசிக்குள் இருமுகிறார்கள்.
ஐந்தாம் வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, அழுகை அப்படி.
ஒரு மாடியில் நீட்டுக்குப் படிக்கிற விளக்கு.

நேற்று எனக்குப் பக்கத்து வீட்டு கேட்
ஆவென்று திறந்து கிடந்தது.
சற்குணம் டீச்சர், தனியாள், காதும் மந்தம்.
உள்ளே ஒரு ஜோடி செருப்பு. அவருடையதுதான்.
யாரையும் எழுப்புகிற நேரமில்லை.
கொண்டியை மெல்ல இழுத்தேன், சத்தம் வராமல்.
சத்தம் வராமல் என்பதுதான் இப்போது இடறுகிறது.
நிமிர்ந்தால்
கம்பத்தில் சிவப்புப் புள்ளி.

இரண்டு பன்னிரண்டு.
ஒரு ஆள், ஒரு கேட், கம்பியின் மேல் ஒரு கை.
திறக்கிறானா மூடுகிறானா,
அந்தப் படத்தில் ஒலி கிடையாது.
ராத்திரியில் அது கறுப்பு வெள்ளை,
நகத்தின் நீலமும் விழாது.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்,
கேட் மூடியிருக்கிறது என்று
நன்றாகத் தெரியும்படி.